தனபாக்கியத்தின் தேமல்

தொழுநோய் இல்லாத ஒரு பெண்ணைத் தொழுநோயாளி என்று முடிவு கட்டி, பால்குடி மறவாத பிள்ளையிடமிருந்து பிரித்து அனுப்பியவன் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்கவில்லை. அந்தப் பெண்ணோடு எனக்குப் பகையும் இல்லை. கெட்டிக்காரன் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அது போதுமாக இருந்தது.

சென்ற வாரம் கண்டியில் டிஸ்பென்சரி திறந்த கதையை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது ஒரு மழைக்காலக் காலை. பக்கத்துக் கடையில் கோப்பி வறுக்கும் மணமும் என் அறையின் கார்போலிக் மணமும் கலந்து வரும். வாங்குப் பலகையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் மடியில் ஒரு பெண் குழந்தை. அப்போதுதான் தவழத் தொடங்கியிருக்க வேண்டும். மடியிலிருந்து இறங்கி என் மேசைக் காலைப் பிடித்து எழும்பப் பார்த்தது.

மூத்தவள் பொன்னுத்தாய். எங்கள் தெருமுனையில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்த வேலாயுதத்தின் தாய். இளையவள் அவளுடைய மருமகள் தனபாக்கியம். இருபது வயதுக்கு மேல் இராது. பிறந்த வீடு மதராஸ், ராயபுரம். கலியாணம் செய்து கப்பலேறி வந்தவள்.

"என்ன பிள்ளை செய்யுது?" என்று கேட்டேன்.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "தேமல்தானுங்க டாக்டரய்யா. மஞ்சப் பூசினா போயிரும்னு பாத்தேன். போகல. இப்ப தாடையில சின்னச் சின்னதா முளைக்குது. கடைக்கு வர்றவங்க சாமானப் பாக்குறத விட்டுட்டு இவ மூஞ்சியப் பாக்குறாங்க."

யன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். மேற்கைகளிலும் கழுத்தடியிலும் வெளிறிய படைகள். தாடையிலும் உதட்டோரத்திலும் கடுகும் மிளகுமாகச் சிறு முடிச்சுகள்.

"அரிக்குதோ?"

"இல்லீங்க."

"முன்னம் பெரிய காய்ச்சல் ஏதும் வந்ததோ?"

தனபாக்கியம் மாமியாரின் காலைப் பார்த்தாள். பிறகு, "இல்லீங்க" என்றாள்.

அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊசியின் கூரும் குண்டும்

தொழுநோய்ப் படையில் உணர்ச்சி மரத்துப் போகும். அதைச் சோதிக்க ஒரு குண்டூசி போதும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டொக்டர் ஒருமுறை கூரால் குத்துவார், ஒருமுறை குண்டால் தொடுவார். கூரென்றால் "குத்துது", குண்டென்றால் "தொடுது" என்று நோயாளி சொல்ல வேண்டும். மரத்த தோல் இரண்டையும் அறியாது.

இந்தச் சோதனையைப் படித்தது நாங்கள் மட்டுமல்ல. ஊரும் படித்திருந்தது. அந்தக் காலச் சட்டப்படி தொழுநோயைக் கண்ட டொக்டர் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் கொழும்புக்கு அப்பால், கடலோரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டு போவார்கள். போனவர் வருவது அருமை. ஆகவே ஊசி என்ன கேட்கும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தோட்டங்களிலும் கடைத்தெருக்களிலும் பரீட்சைப் பாடம் போலப் பரவியிருந்தது. எங்கே குத்தினாலும் "குத்துது" என்பார்கள். குத்தாமல் சும்மா இருந்தாலும் "குத்துது" என்பார்கள்.

இங்கே புசல்லாவைத் துணிக்கடைக் கணக்கப்பிள்ளை ஒருவரைச் சொல்ல வேண்டும். தனபாக்கியத்துக்கு முந்திய வருஷம் வந்தவர். முதுகில் பெரிய படை. ஆனால் ஊசிக்கு ஒன்றுகூடப் பிழையில்லாமல் பதில் சொன்னார். கூர், குண்டு, கூர், குண்டு, எல்லாம் சரி. "உமக்கு ஒண்டுமில்லை, போம்" என்று அனுப்பினேன்.

சில மாதங்களில் விரல்கள் மடங்கிக்கொண்டு வேறொரு டொக்டரிடம் போய் அகப்பட்டார். அப்போதுதான் கதை வெளியே வந்தது. என் அறைக்குள் சுவரோடு அவருடைய மைத்துனர் நின்றிருக்கிறார். நான் கூரை வைக்கும்போது அவர் இருமுவார். குண்டென்றால் பேசாமல் இருப்பார். இருவரும் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நகரசபைச் சுகாதாரப் பரிசோதகர் இதை டென்னிஸ் கிளப்பில் வைத்துச் சொன்னார். "டொக்டர், உங்கட ஆள் இருமி இருமியே பாஸ் பண்ணிப்போட்டான்! உங்களுக்குத்தான் ஃபெயில்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  இனி ஒருவனும் என்னை ஏமாற்ற விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் இருமினாள்

தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். கூரை வைத்தேன்.

"குத்துதுங்க."

பக்கத்தில் பொன்னுத்தாய் இருமினாள்.

 குண்டை வைத்தேன். "தொடுதுங்க." இருமல் இல்லை. மறுபடி கூர். இருமல். "குத்துதுங்க."

சரிதான், பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்று யோசித்துப் பார்த்தால், அந்தக் கிழவி குண்டுக்கும் இருமியிருப்பாள், ஒன்றும் வைக்காதபோதும் இருமியிருப்பாள். எனக்கு வேண்டிய இடத்து இருமல் மட்டும் என் காதில் விழுந்தது. மற்றவை விழவில்லை. "அம்மா, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லி, கதவைச் சாத்திவிட்டு மறுபடி சோதித்திருந்தால் போதும். சொல்லவில்லை. கள்ளனைப் பிடித்தவனுக்கு மேலே விசாரிக்கப் பொறுமை இருக்காது.

கடைசியாகத் தாடை முடிச்சில் ஊசியை அழுத்திக் குத்தினேன். தனபாக்கியம் பின்னால் சாய்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. ரத்தம் ஒரு பொட்டு வைத்தது.

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தோலைக் கீறி எடுத்து, தொழுநோய்க் கிருமிக்குரிய சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். அந்தக் கிருமியின் சிவப்புக் கம்பிகள் ஒன்றும் இல்லை. கிருமி தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம் என்பது புத்தகத்தில் உள்ள வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். என்மேல் நம்பிக்கை வைத்திருந்த இன்னொரு டொக்டர் நான் சொன்னதைக் கேட்டுத் தானும் கையெழுத்திட்டார்.

வண்டி வந்த நாளில் தெருவில் யன்னல்கள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. வேலாயுதம் கடைக்குள் பாத்திரங்களுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டான். குழந்தை பொன்னுத்தாயின் இடுப்பில் இருந்து கையை நீட்டி நீட்டிக் கத்தியது. தனபாக்கியத்தின் ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. அதை அவள் முந்தானையால் மூடவும் இல்லை.

வண்டியில் ஏறும் முன் என்னைப் பார்த்து, "டாக்டரய்யா, குத்துச்சுன்னு சொன்னேனே. நெசமாவே குத்துச்சே" என்றாள்.

"எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை சொல்லுறவை" என்றேன்.

நான் சொன்ன பதில் அதுதான். வேறு விதமாகச் சொன்னதாக எழுதினால் எனக்கே ஆறுதலாக இருக்கும்.

வீங்கிய வயிறுகள்

பிறகு பெரிய மலேரியா வந்தது. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மகாவலி மெலிந்து, ஆற்றுக் குழிகளில் நீர் தேங்கி, கரையோரக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பாயில் கிடந்தார்கள். நானும் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, வரிசையில் வரும் பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கைவைத்து மண்ணீரலைத் தடவிப் பார்ப்போம். எங்கும் கொய்னா மருந்தின் கசப்பு மணம். பிள்ளைகள் அதைத் துப்பிய சுவர் ஓரங்களில் எறும்புகூடப் போகாது.

உதவிக்கு மதராசிலிருந்து ஒரு டொக்டர் வந்திருந்தார். வாய் ஓயாத மனுஷன். ஒரு பிள்ளையின் வயிற்றில் கைவைத்தபடியே சொன்னார்:

"இதே மண்ணீரல் எங்க ஊர்ல வந்தா மலேரியான்னு உடனே சொல்லிற மாட்டோம் சார். காலா அசாரான்னு ஒரு தடவ பாத்துக்குவோம். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் அது நிறைய."

வங்காளத்துக் கருங்காய்ச்சல் என்று நானும் படித்திருந்தேன். கண்டியில் கண்டதில்லை. ஆகவே நினைத்ததும் இல்லை.

"ஊசி போட்டா ஆறிரும்" என்றார் அவர். "ஆறின பிறகுதான் வேடிக்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு சில பேருக்குத் தேமல் விழும். தாடையில சின்னச் சின்ன முடிச்சு வரும். குஷ்டம்னு பயந்துகிட்டு ஓடி வருவாங்க. ஒரு ஊசியால குத்துனாத் துள்ளிருவாங்க. அத வச்சே 'போய்யா, உனக்குக் குஷ்டமில்ல'ன்னு சொல்லிரலாம்."

என் கை அந்தப் பிள்ளையின் வயிற்றில் அப்படியே நின்றது.

"என்ன சார், ரொம்பப் பெரிசா இருக்கா?" என்று கேட்டார்.

காவற்கூடத்தில் கள்ளன்

அந்த நோயைப் பற்றி அன்று அவர் சொன்னதையும், பிற்காலத்தில் பேராதனையில் படிப்பிக்கும் இளைய டொக்டர்மாரிடம் கேட்டறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாக எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் பிழையின் அளவு வாசகருக்கு விளங்காது.

மணல் ஈ என்று ஒரு சின்னஞ்சிறு ஈ. அது கடிக்கும்போது ஒரு நுண்ணுயிர் உடம்புக்குள் போகிறது. உடம்பில் காவலுக்கென்று விழுங்கும் கலங்கள், அதாவது செல்கள், உண்டு. அந்நியமாக எதைக் கண்டாலும் விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. இந்த உயிரையும் விழுங்குகின்றன. ஆனால் இது செரிப்பதில்லை. காவற்காரனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அந்தக் கலம் வெடித்தால் இன்னொரு காவற்காரன் வந்து விழுங்குவான். அவனுக்குள்ளும் குடியேறும். கள்ளன் காவற்கூடத்திலேயே சாப்பிட்டுப் படுத்திருந்தால் அவனை யார் பிடிப்பது?

மண்ணீரலும் ஈரலும் அப்படித்தான் வீங்குகின்றன. உடம்பு சும்மா இருப்பதில்லை. எதிர்ப்புப் பொருளை இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதம் எவ்வளவு மிகுந்துவிடும் என்றால், நோயாளியின் இரத்தத்தின் தெளிந்த நீரில் ஃபோர்மலின் ஒரு சொட்டு விட்டால் அவித்த முட்டை வெள்ளை போல இறுகிவிடும். அவ்வளவு ஆயுதமும் வீண். ஆயுதம் கலத்துக்கு வெளியே, எதிரி கலத்துக்கு உள்ளே.

மருந்து கொடுத்தால் நிலைமை மாறும். விழுங்கும் கலங்கள் தமக்குள் இருப்பதைக் கொல்லப் பழகிக்கொள்ளும். உள்ளுறுப்புகள் துப்புரவாகும். சிலருக்குத் தோலில் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். பிறகு ஒரு நாள் உடம்பு அதைக் கண்டுபிடித்து அங்கே போய்ச் சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டையின் தழும்புதான் தேமலும் முடிச்சும். நரம்பு சாகாது. ஊசி குத்தும்.

சாவைத் தள்ளிவிட்டு எழும்பிய ஓர் உடம்பு தன் மிச்ச வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் பிழையாக வாசித்தேன்.

கடலோரத்தில்

அடுத்த வாரமே கொழும்புக்கு ரயில் ஏறினேன். அந்தக் கடலோர ஆஸ்பத்திரியில் பொறுப்பாக இருந்த டொக்டர் தடையொன்றும் சொல்லவில்லை. தனபாக்கியத்தை ஒரு மாமரத்தடிக்கு அழைத்து வந்தார்கள். முடிச்சுகள் கொஞ்சம் பெருத்திருந்தன. மற்றபடி அதே பெண். ஆனால் என்னைக் கண்டு எழும்பவில்லை.

"பிள்ளை, ராயபுரத்தில உமக்குக் கருங்காய்ச்சல் வந்ததோ?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இப்பக் கேக்குறீங்களா?"

"ஓம். இப்பத்தான் கேக்கிறன்."

"வந்துச்சு. வயிறு பானை மாதிரி. கட்டின்னு சொல்லிச் சூடு போட்டாங்க. பிறகு ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க." இடது விலாவுக்குக் கீழே சேலைக்கு மேலாகவே கையால் கோடு போட்டுக் காட்டினாள். "சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கு. நீங்க மூஞ்சியும் கையும்தானே பாத்தீங்க."

"அண்டைக்குக் கேட்டனே. ஏன் இல்லையெண்டு சொன்னீர்?"

"அத்த பக்கத்துல நின்னாங்க. சீக்குப் புள்ளன்னு தெரிஞ்சா கட்டிக்க மாட்டாங்கன்னு எங்கம்மா மறைச்சுத்தான் கட்டிக் குடுத்துச்சு. தலையில அடிச்சு சத்தியம் வாங்கிருக்கு. எப்புடிச் சொல்றது? அவங்கள வெளிய போகச் சொல்லிட்டுக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அவளுக்கு அது பெரிய குற்றச்சாட்டாகத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாடை முடிச்சிலிருந்து கீறி எடுத்து வேறு சாயம் ஏற்றிப் பார்த்தோம். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கலம். அதற்குள் நீள்வட்டமாகச் சில உருவங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளியும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடும். பொறுப்பு டொக்டரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

கெலிஓயாவில் ஒரு வீடு

விடுவித்தார்கள். எங்கே போவது? ராயபுரத்தில் தாய் இறந்துவிட்டாள். தமையனுக்குக் கடிதம் போட்டும் பதில் வரவில்லை.

என் டிஸ்பென்சரியில் மருந்து கலந்த காசிம் கெலிஓயாக்காரர். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஐயா, எங்கட தாத்தாட வீட்டுல ஒரு அறை சும்மா ஈக்கிது" என்றார். தாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. கணவனை இழந்தவர். "நான் செல்லிப் பாக்கிறன்."

"நோயைப் பற்றி என்ன சொல்லுவீர்?"

"உள்ளதச் செல்லுவன். 'எங்கட டொக்டர் ஐயாக்கு வந்த நோய், அந்தப் புள்ள அனுபவிக்கிது'ண்டு செல்லுவன்."

என்னிடம் சம்பளம் வாங்குகிற மனுஷன். ஆனாலும் முகத்துக்கு நேரே சொன்னார். நான் கோபிக்கவில்லை. தனபாக்கியத்தோடு பஸ்ஸில் போய் அந்த வீட்டு வாசலில் நான்தான் இறங்கிக் கேட்டேன். தாத்தா தனபாக்கியத்தின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "முதல்ல தேத்தண்ணி குடி மகள்" என்றார்.

அந்த அறையில்தான் மருந்தேற்றினேன். அந்திமனி என்ற உலோகம் கலந்த ஊசி. போட்ட அன்று வாந்தி வரும், மூட்டு நோகும். நாள் விட்டு நாள் போனேன். மாதக்கணக்கில் முடிச்சுகள் வற்றின. தேமல் மெல்ல நிறம் கொண்டது. தனபாக்கியம் துணிக்கடைகளுக்குச் சட்டை தைக்கத் தொடங்கினாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஊசிக்குக் கையை நீட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு நாள் மட்டும் கேட்டாள். "என் புள்ள எப்ப வரும்?"

பித்தளைக்கடை வாசலில்

வேலாயுதம் அதற்குள் இரண்டாம் கலியாணம் செய்திருந்தான். பிள்ளை கனகம் ஓடித் திரியும் வயதுக்கு வந்திருந்தாள்.

நான் தனபாக்கியத்தையும் அழைத்துக்கொண்டு பட்டப்பகலில் கடைவாசலுக்குப் போனேன். தெருவே கேட்கட்டும் என்றுதான் போனேன். "எல்லாம் என்ர பிழை. இந்தப் பிள்ளைக்குக் குட்டம் இருந்ததேயில்லை. நான்தான் மாறிச் சொன்னனான்" என்று உரத்துச் சொன்னேன். பிறகு கடையிலிருந்த செம்பில் தண்ணீர் வாங்கி, தனபாக்கியத்தின் கையில் கொடுத்து, அவள் வாய் வைத்துக் குடித்த மிச்சத்தை எல்லோருக்கும் முன்னால் நான் குடித்தேன்.



பிறகு எதிர்ப்பக்கக் கருவாட்டுக் கடையிலிருந்து ஒரு குரல்: "அவருக்கென்னப்பா! மருந்து வீட்லயே இருக்கு. குடிப்பாரு!"

கூட்டம் சிரித்தது. செம்பை வேலாயுதம் வாங்கவில்லை. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அன்று தொடக்கம் என் வாங்கில் ஆட்கள் குறைந்தார்கள். தாய்மார் பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கொண்டு போனார்கள். காசிம் வெறும் வாங்கைத் துடைத்தபடி, "இப்பிடியே போனா ஐயா, நாம ரெண்டு பேரும் ஆளுக்காள் மருந்து கலக்கிக் குடிக்கத்தான் ஈக்கிது" என்பார்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் பொன்னுத்தாய் என்னைக் கடையின் உள்ளறைக்குக் கூப்பிட்டாள். அங்கே புளி போட்டு விளக்கிய பித்தளையின் மணம். பேசும்போதெல்லாம் இருமினாள். பேசாதபோதும் இருமினாள். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை.

"நீங்க சொல்றது நெசமாக்கூட இருக்கும்யா" என்றாள். "ஆனா ஊரு நம்பாது. இந்தப் புள்ள இங்க வளந்தா, நாளைக்கு என் மவனுக்குப் பொறக்குற பொட்டப் புள்ளைகளையும் யாரும் கட்டமாட்டாங்க. ரத்தம்பாங்க. நான் என்ன செய்ய? அவ புள்ளைய அவகிட்டயே குடுத்துர்றேன். கூட்டிட்டுப் போங்க. திரும்பி இந்தத் தெருவுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க."

கனகம் தாயை அறியவில்லை. பாட்டியின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு கதறினாள். பொன்னுத்தாய் விரல் விரலாகப் பிரித்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் தனபாக்கியம் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை அழுது அழுது தூங்கிப்போனது. நான் வெற்றி பெற்றவன் போல முன் ஆசனத்தில் இருந்தேன். கெலிஓயா வரும் முன்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் என்னை நம்பியதால் பிள்ளையைக் கொடுக்கவில்லை. நம்பாததால் கொடுத்தார்கள்.

வாய் கட்டிய வருஷங்கள்

நான் அதோடு நிற்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைக்கும் தமிழ்ப் பத்திரிகைக்கும் என் கையொப்பத்தோடு ஒரு விளக்கம் எழுதினேன். அனுப்பும் முன் தனபாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "இத ஊரு நம்புமாங்க?"

"பத்திரிகையில வந்தா நம்பும். மெல்ல மெல்ல நம்பும்."

"அப்ப வேண்டாம்."

"ஏன் பிள்ளை? உம்மட பேர் சுத்தமாகும்."

"எம்பேரு கெடக்கட்டும். அவங்க நம்பிட்டாப் புள்ளையக் கேட்டு வருவாங்க. ஆம்பளையோட புள்ள. கோர்ட்டுக்குப் போனா அவங்க பக்கந்தான் பேசும். நம்பாம இருக்குற வரைக்குந்தான் இவ என்கிட்ட இருப்பா." மெஷினின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எனக்கு ஏதாச்சும் செய்யணும்னா சும்மா இருங்க டாக்டரய்யா. அது போதும்."

சும்மா இருந்தேன். யாராவது, "டொக்டர், அந்தப் பித்தளைக்கடை மருமகளுக்கு என்னதான் வருத்தம், குட்டமோ?" என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். மாற்றினால் அவர்கள் தாங்களாகவே விளங்கிக்கொள்வார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கும் முன்னர் ஒரு நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில், பொன்னுத்தாய் தனியே என் டிஸ்பென்சரிக்கு வந்தாள். மிகவும் தளர்ந்திருந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். நின்றபடியே பேசினாள்.

"என் மவனுக்குப் பொறந்த ரெண்டும் நிக்கலைய்யா. வீடு வெறிச்சுன்னு இருக்கு. நா இன்னும் எத்தன நாளு? உங்கள ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு வாசல்ல வச்சுச் சொன்னீங்களே, அது நெசமா? இல்ல, பாவம் பாத்துச் சொன்னீங்களா? நெசம்னா இன்னைக்கே போயி என் பேத்திய கூட்டிட்டு வந்துருவேன். வேணும்னா அவளும் வந்து ஒரு மூலையில இருந்துக்கட்டும்."

நான் மனதறிந்து உண்மை சொல்லக்கூடிய நாள் அது. கேட்டவளுக்கும் நம்ப விருப்பம் இருந்தது.

அந்த வீட்டு மூலையில் தனபாக்கியம் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். மெஷின் இல்லாமல், மூத்தாளாக, மகள் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டபடி.

"பாவம் பாத்துத்தான் சொன்னனான், அம்மா" என்றேன். "அது அந்த வருத்தம்தான்."

"புள்ளைக்கு?"

"அதை இப்ப சொல்லேலாது."

அவள் அழவில்லை. மேசை விளிம்பைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தெருவில் இறங்கிப் போனாள். அடுத்த வருஷம் அந்தக் கடைவாசலில் அவளுக்குப் பாடை கட்டினார்கள். நான் போகவில்லை.

இதைத் தனபாக்கியத்திடம் சொன்னபோது, "நல்லதுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "அத்த தனியாவா வந்தாங்க?" என்று கேட்டாள். மகளுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள்.

இப்போது தனபாக்கியம் இல்லை. காசிமும் இல்லை. கனகம் வத்தேகமவில் கணவன், பிள்ளைகளோடு இருக்கிறாள். இந்த அத்தியாயத்தை எழுதுவதற்குச் சம்மதம் கேட்க, போன மாதம் அங்கே போனேன். முழுவதையும் சொன்னேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றியிருக்கிறேன்.

குட்டம், கருங்காய்ச்சல் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டாள். அம்மா முன்பே சொல்லியிருக்கிறாளாம். பொன்னுத்தாய் வந்த இடத்தில்தான் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"அப்பத்தா வந்தாங்களா?"

"ஓம்."

"என்னக் கூட்டிட்டுப் போகவா?"

"ஓம் பிள்ளை."

"அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தர்கூட என்னக் கேட்டு வரலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "அவங்க வாசலத் தாண்டிப் போகும்போதெல்லாம் காறித் துப்பியிருக்கேன்."

எழும்பிக் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அடுப்புச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் முற்றத்தைக் கடந்து மதிலுக்கு ஏறும்வரை இருந்தேன். அவள் வெளியே வரவில்லை. நானாகவே கேற்றைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.